டேப் செய்தது கையில், பழுது கால்முட்டியில்: கடினமான ஜியு-ஜிட்சு ரவுண்டுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

நீல பெல்ட் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. எதிரில் எனக்கு அடுத்த படியான ஊதா பெல்ட் அண்ணன் ஒருவர். அந்த 6 நிமிட ரவுண்டில் மூன்று முறை டேப் செய்தேன், அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டினேன். மூன்றும் ஆர்ம்பார் (முழங்கையை நேராக்கி எதிர்ப்பக்கம் வளைக்கும் பூட்டு), மூன்றும் என் வலது கை. மணி அடித்ததும் கோச்சிடம் போய், "ஆர்ம்பாரிலிருந்து தப்பிப்பதை மறுபடி ஒருமுறை காட்டுங்கள்" என்றேன். அவர் காட்டவில்லை. "உன் கால்சட்டையை முட்டியருகே பிடித்தானே, அதை ஏன் அப்படியே விட்டு வைத்தாய்?" என்று கேட்டார். அப்படி ஒரு பிடி இருந்ததே எனக்கு நினைவில் இல்லை.

பிறகு அந்த அண்ணனையே கேட்டுச் சரிபார்த்தேன். முதலில் முட்டியருகே துணியைப் பிடித்திருக்கிறார். அதை வைத்து என் காலை ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டில் வந்து மார்பை என் மேல் போட்டிருக்கிறார். நான் பதறி, கையை முழுசாக நீட்டி அவரைத் தள்ளியிருக்கிறேன். நீட்டிய கையை அவர் எடுத்துக்கொண்டார். முட்டியருகே பிடித்ததற்கும் டேப்புக்கும் இடையில் அரை நிமிடம்கூட இருந்திருக்காது. எனக்கு நினைவில் இருந்தது கடைசி மூன்று நொடி மட்டும்.

தரையில் உருண்டு, பூட்டியும் நெரித்தும் பணியவைக்கும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் அடி வாங்கிய ரவுண்டிலிருந்து ஏதாவது கற்க வேண்டுமானால், இந்தப் பின்னோக்கிய தேடல்தான் வேலை. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற பகுதியை மட்டும் படித்தால் போதும். ஆனால் முதல் பகுதியை எல்லோரும் படித்துவிடுங்கள்.

அறிகுறி: எப்படி மாட்டினேன் என்றே தெரியவில்லை

புதியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இதுதான். சண்டை வேகமாக நடந்ததாகத் தோன்றும். உண்மையில் அது படிப்படியாகத்தான் நடந்திருக்கும். நீங்கள்தான் படிகளைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இதற்கு எனக்கு உதவியது போட்டிப் புள்ளிப் பட்டியல். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி எதிராளியைக் கீழே வீழ்த்தினால் 2 புள்ளி, அடியிலிருந்து புரட்டி மேலே வந்தால் 2, முட்டியை வயிற்றில் ஊன்றினால் 2, கார்டைத் (அடியில் இருப்பவர் கால்களால் போடும் தடுப்பை) தாண்டினால் 3, மவுண்ட் (மேலே ஏறி உட்காரும் நிலை) பிடித்தாலும் முதுகைப் பிடித்தாலும் தலா 4. எந்த நிலையையும் 3 நொடி நிலைநிறுத்தினால்தான் கணக்கு. பயிற்சியில் யாரும் புள்ளி எண்ணுவதில்லை. நீங்கள் மட்டும் மனதுக்குள் எண்ணுங்கள். ரவுண்டு முடிந்து தண்ணீர் குடிக்கும்போது இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: டேப் செய்வதற்கு முன்னால் எத்தனை புள்ளி கொடுத்திருந்தேன்? 7 கொடுத்திருந்தால், அதாவது கார்டையும் இழந்து மவுண்டையும் கொடுத்திருந்தால், கடைசியில் மாட்டிய சோக்கிலிருந்து (கழுத்து நெரிப்பிலிருந்து) தப்பிப்பதைப் படித்துப் பெரிய பயன் இல்லை. பழுது அந்த 3 புள்ளி போன இடத்தில் இருக்கிறது. பூஜ்யம் கொடுத்திருந்தும் மாட்டினீர்கள் என்றால், உங்கள் கார்டுக்குள்ளோ நின்றபடியோ எங்கோ கழுத்தை நீட்டியிருக்கிறீர்கள். இது வேறு ரகப் பழுது, சரிசெய்வதும் சுலபம்.

நிலை தெரிந்த பிறகு பிடியைத் தேடுங்கள். அந்த நிலை போவதற்குச் சற்று முன் எதிராளியின் இரண்டு கைகளும் எங்கே இருந்தன? பெரும்பாலும் பதில் வராது. வராவிட்டால் அடுத்த ரவுண்டில் ஒரே வேலை: அவருடைய கைகளை மட்டும் பார்ப்பது. வெற்றி, தோல்வியை எல்லாம் அந்த ஒரு ரவுண்டுக்கு மறந்துவிடுங்கள். இரண்டு, மூன்று வகுப்புகளிலேயே கண் பழகிவிடும்.

எதிராளியைக் கேட்பதும் நல்ல வழி. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "நான் என்ன தப்பு செய்தேன்?" என்றால், "நன்றாகத்தான் செய்தாய், பயிற்சி போதாது" என்ற பதில்தான் வரும். "அந்த ஆர்ம்பாரை எப்போது முடிவு செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "நீ கையை என் மார்பில் ஊன்றியபோது" என்பார். தங்கமான பதில் அது.

கைபேசியில் படம் பிடிப்பதாக இருந்தால் எதிராளியிடம் சொல்லிவிட்டுப் பிடியுங்கள். முழு ரவுண்டையும் உட்கார்ந்து பார்க்காதீர்கள், சலிப்புத்தான் வரும். டேப்புக்கு முந்தைய அரை நிமிடத்தை நான்கு முறை பாருங்கள்.

அறிகுறி: இரண்டாவது நிமிடத்திலேயே மூச்சு முட்டுகிறது

ஓடிப் பழகினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் தினமும் 5 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன். ஓட்டம் முன்னேறியது, ரோலிங்கில் (பயிற்சிச் சண்டையில்) அதே இரைப்புத்தான்.

சோதனை 1: ரவுண்டு முடிந்ததும் விரல்களை மடக்கிப் பாருங்கள். முன்கை கல்லாக இறுகி, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லையா? கி உடையின் காலரையும் சட்டைக்கையையும் பிடித்தபிடி விடாமல் தொங்கியிருக்கிறீர்கள். ஒரு பிடியை வைத்து இழுக்கவோ தள்ளவோ போவதில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். சும்மா பிடித்திருப்பதற்கும் முன்கை கூலி கேட்கும்.

சோதனை 2: இடுப்பைத் தூக்கித் தள்ளும்போது மூச்சை அடக்குகிறீர்களா? பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள், நமக்கே தெரியாது. மருந்து எளிது, சற்றுக் கூச்சம் தருவது: தள்ளும்போதெல்லாம் வாயால் "உஸ்" என்று காற்றை விடுங்கள். பாதிக்கூடம் பிரஷர் குக்கர் மாதிரி சத்தம் எழுப்புவது இதனால்தான்.

சோதனை 3: முதல் ரவுண்டின் முதல் நிமிடத்தில் மட்டும் முழு வேகத்தில் பாய்கிறீர்களா? அப்படியென்றால் அது பயம். எதிராளி பலசாலி என்று தெரிந்ததும் முன்னதாகவே முடித்துவிடத் துடிக்கிறீர்கள். இதற்கு என்னிடம் குறுக்குவழி இல்லை. அந்த ஆளோடு அடிக்கடி ரோல் செய்தால் பயம் தானாகத் தேயும்.

மூன்றும் இல்லையென்றால் ஓடுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் உள்ள கூடத்தில் தடித்த பருத்தி கி அணிந்து உருளுகிறவர்கள் தண்ணீரோடு உப்பையும் கவனிக்க வேண்டும். நீர்மோர் போதும், விலை உயர்ந்த பொடிகள் தேவையில்லை.

அறிகுறி: அடியில் மாட்டினால் எழவே முடியவில்லை

இதை விரிவாகப் பார்க்க வேண்டும். கடினமான ரவுண்டு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இங்கேதான் கழிகிறது.

சைட் கண்ட்ரோல் என்ற பக்கவாட்டுப் பிடியில் மாட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிராளி உங்கள் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே படுத்திருக்கிறார். அவர் தோள் உங்கள் தாடைக்கு அடியில் முட்டி, முகத்தை இடப்பக்கம் திருப்பிவிட்டது. முகம் போகிற பக்கம்தான் முதுகெலும்பும் போகும். அதனால் அவரை நோக்கி உடலைத் திருப்பவே வலு வராது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இரண்டு உள்ளங்கைகளையும் அவர் மார்பில் வைத்து, பெஞ்ச் பிரஸ் போடுவதுபோலத் தள்ளுகிறீர்கள். 70 கிலோ உயிருள்ள எடை, தள்ளத் தள்ள இடம் மாறும் எடை. கையும் நீண்டுவிட்டது. மேலே சொன்ன என் கதை இதுதான்.

வேண்டியது தாங்கு. வீட்டில் சாய்ந்த பந்தலுக்கு முட்டுக் கொடுக்கிறோமே, அது பந்தலைத் தள்ளுவதில்லை. மேலும் சாயாமல் நிற்கிறது. அதேபோல இடது முன்கையை அவர் கழுத்துக்குக் குறுக்கே வையுங்கள். வலது முன்கையை அவர் இடுப்பெலும்பில் வையுங்கள். முழங்கைகள் மடங்கியே இருக்கட்டும். இப்போது எடை உங்கள் தசையில் இல்லை, எலும்பில் இருக்கிறது. இடுப்பை ஒரே ஒருமுறை மேலே தூக்கி இறக்குங்கள். அவர் கனம் ஒரு கணம் லேசாகும். அந்தக் கணத்தில் இறாலைப் போல உடலைச் சுருக்கி இடுப்பைப் பின்னுக்கு இழுங்கள். நீங்கள் நகர வேண்டும், அவர் நகர வேண்டியதில்லை. கிடைத்த இடைவெளியில் வலது முட்டியை உள்ளே நுழையுங்கள். முட்டி உள்ளே வந்துவிட்டால் பாதி உயிர் திரும்பிவிட்டது.

இதெல்லாம் எல்லா வகுப்பிலும் சொல்லித்தருவதுதான். பிறகு ஏன் ரவுண்டில் நடப்பதில்லை? நான் பார்த்தவரை காரணம் ஒன்றே: தாமதம். அவர் வந்து படுத்து, தோளைத் தாடைக்குக் கீழே திணித்து, மூச்சு விட்டு அமர்ந்த பிறகு தாங்கு போடப் பார்க்கிறோம். கைக்கு இடமே இருக்காது. கார்டு போய்விட்டது என்று தெரிந்த நொடியில், அவர் மார்பு இறங்குவதற்கு முன்பே, முன்கைகள் இடத்துக்குப் போய்விட வேண்டும். கார்டு போவதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் கடைசி வரை காலால் மல்லுக்கட்டுகிறவர்கள்தான் அடியில் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள். மல்லாந்து தட்டையாகக் கிடக்காமல் ஒருக்களித்து, முழங்கையும் முட்டியும் ஒன்றையொன்று தொடும்படி இருந்தால் அதுவே பாதி தற்காப்பு.

பயிற்சி: நண்பர் ஒருவரை உங்கள் மேல் சைட் கண்ட்ரோலில் படுக்கவைத்துத் தொடங்குங்கள். முட்டி உள்ளே வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடக்கம். 5 நிமிடத்தில் பத்து முறையாவது இது நடக்கும். முழு ரோலிங்கில் இதே சந்தர்ப்பம் இரண்டு முறை வந்தால் அதிகம்.

அறிகுறி: கனமான ஆளிடம் எதுவும் எடுபடவில்லை

"ஜியு-ஜிட்சு தெரிந்தால் எடை ஒரு பொருட்டே இல்லை" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் ஜியு-ஜிட்சு வீரர் ஹாய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றதைச் சான்றாகச் சொல்வார்கள். அந்த மூவரில் ஒருவர் குத்துச்சண்டைக்காரர், இன்னொருவர் சவாத் என்ற பிரெஞ்சு உதைச்சண்டை வீரர். உங்கள் கூடத்தில் இருக்கும் 95 கிலோ அண்ணனோ நீங்கள் படித்த அதே பாடத்தை அதே கோச்சிடம் படித்திருக்கிறார். எடை பொருட்டில்லை என்றால் போட்டிகளில் எடைப்பிரிவு எதற்கு?

அதனால் முதலில் இலக்கை மாற்றுங்கள். அவரை டேப் செய்ய வைப்பது வேண்டாம். மல்லாந்து தட்டையாகாமல் எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தேன் என்பதை மட்டும் கணக்கிடுங்கள். முட்டியைக் கேடயமாக இருவருக்கும் இடையில் வையுங்கள். மூடிய கார்டில் அவரைக் கட்டிக்கொண்டு எடையை நீங்களே விரும்பி ஏற்றுக்கொள்ளாதீர்கள். விலா எலும்பில் "டக்" என்று சத்தமோ குத்தும் வலியோ வந்தால் அன்றைக்குப் போதும். விலாவில் பட்ட அடி வாரக்கணக்கில் வீட்டில் உட்காரவைக்கும். தும்மும்போதெல்லாம் நினைவுபடுத்தும்.

அறிகுறி: புதிதாக வந்தவர் முரட்டுத்தனமாக உருளுகிறார்

வெள்ளை பெல்ட்காரரின் முழங்கை மூக்கில் படுவது சகஜம். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. முழுகப்போகிறவர் கையைக் காலை அடிப்பதுபோல அடிக்கிறார். தூரத்தில் இருந்தால்தான் ஆபத்து. நெருங்கி, இரண்டு சட்டைக்கைகளையும் பிடித்து, மேலே வந்து மெதுவாக்குங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள்: "தம்பி, கொஞ்சம் மெதுவாகப் போகலாம்." சொல்லியும் கேட்காதவரோடு ரோல் செய்ய மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பெல்ட் நிறம் எதுவானாலும் உண்டு.

அறிகுறி: ரவுண்டு முடிந்தும் முழங்கை வலிக்கிறது

இதில் கற்றல், கிற்றல் எதுவும் இல்லை. நீங்கள் தாமதமாக டேப் செய்கிறீர்கள்.

1951 அக்டோபரில் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜியு-ஜிட்சு முன்னோடி ஹெலியோ கிரேசி ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவோடு மோதினார். கிமுரா கையைப் பின்னால் முறுக்கினார். ஹெலியோ டேப் செய்யவில்லை. கடைசியில் அவர் தரப்பு குறுக்கிட்டு நிறுத்தியது. அந்தப் பூட்டுக்குப் பிறகு கிமுரா என்றே பெயர் வந்துவிட்டது. ஹெலியோவின் பிடிவாதத்தைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன் நடந்த சண்டை. உங்களுடையது செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு. மறுநாள் காலை அலுவலகத்தில் விசைப்பலகையைத் தட்ட வேண்டிய கை அது.

ஆர்ம்பாரில் முழங்கை நேராகிவிட்டது என்று தெரிந்தால் வலிக்குக் காத்திருக்காதீர்கள். சோக்கில் கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாய்களும் சரியாக அழுந்தினால் சுமார் 10 நொடிக்குள் நினைவு போய்விடும். கை சிக்கியிருந்தால் காலால் தட்டுங்கள் அல்லது வாயால் சொல்லுங்கள். குதிகாலைத் திருகும் ஹீல் ஹுக் இன்னும் மோசம்: வலி தெரிவதற்குள் முட்டியின் தசைநார் போய்விடலாம். ஐபிஜேஜேஎஃப் அதை கி போட்டிகளில் யாருக்கும் அனுமதிப்பதில்லை என்பதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். குதிகால் மாட்டியதுமே டேப் செய்யுங்கள்.

மூட்டு வீங்கினாலோ, மறுநாளும் முழுசாக நீட்ட முடியாவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் போங்கள். காது மடல் வீங்கிக் கொழகொழவென்றிருந்தால் அன்றே காட்டுங்கள்; ரத்தம் உறைந்து கட்டியான பிறகு பழைய வடிவம் வராது. தோலில் வட்டமாகச் சிவந்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். ஆறும் வரை பாயில் கால் வைக்காதீர்கள், நண்பர்களுக்கும் கொடுத்துவிடுவீர்கள்.

அறிகுறி: வகுப்பில் வருகிறது, ரோலிங்கில் வரவில்லை

வகுப்பில் உங்கள் ஜோடி ஒத்துழைத்தார், ரவுண்டில் எதிர்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இல்லாமல் நேரே தாவினால் விழத்தான் செய்வோம். நண்பரிடம், "மூன்றில் ஒரு பங்கு வலுவில் மட்டும் எதிர்" என்று கேட்டுச் சில வாரம் பழகுங்கள்.

இன்னொரு காரணம், ஒரே வாரத்தில் ஐந்து நுட்பம் பார்த்து ஐந்தையும் முயல்வது. உலகப் போட்டிகளில் ஹோஜர் கிரேசி பேர்போனது மவுண்டிலிருந்து போடும் குறுக்குக் காலர் சோக்குக்கு. வெள்ளை பெல்ட்டுக்கு ஆரம்ப மாதங்களிலேயே சொல்லித்தருகிற சோக் அது. அவர் அதைத்தான் போடுவார் என்று எதிரில் இருந்தவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் மாட்டினார்கள். நீங்கள் ஒரே ஒரு நுட்பத்தை எடுத்து இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றியை எண்ணாதீர்கள், முயற்சியை எண்ணுங்கள். உங்களைவிடத் தேர்ச்சி குறைந்தவரிடம் முதலில் முயலுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது

நீல பெல்ட் வாங்கியதும் காணாமல் போகிறவர்கள் எல்லாக் கூடத்திலும் உண்டு. ஆறு மாதமாக அதே அண்ணனிடம் அதே அடி வாங்கினால் முன்னேற்றமே இல்லை என்று தோன்றுவது இயல்பு. அந்த அண்ணனும் அதே ஆறு மாதமும் பயிற்சிக்கு வந்திருக்கிறார் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள். ரவுண்டுக்கு மூன்று வரி: யார், எங்கே முடிந்தது, அதற்கு முந்தைய பிடி எது. எனது பழைய நோட்டில் ஒரே ஆளின் பெயருக்கு எதிரே, ஜனவரியில் "4 டேப், எல்லாம் மவுண்டிலிருந்து" என்று இருக்கிறது. ஜூனில் "2 டேப், இரண்டும் முதுகிலிருந்து" என்று இருக்கிறது. அன்றைக்கு ஜூனில் பஸ்ஸில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது நன்றாக நினைவிருக்கிறது. மவுண்டில் என்னைப் பிடிக்க முடியாமல்தான் அவர் முதுகுக்குப் போனார் என்பது எழுதியதைத் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

தூக்கமில்லை, வேலை அதிகம், உடம்பு முழுக்க வலி என்றால் ஒரு வாரம் போகாதீர்கள். கூடம் எங்கும் ஓடிவிடாது.

அறிகுறி: எனக்குக் கடினமான ரவுண்டே வருவதில்லை

இதை யாரும் புகாராகக் கொண்டுவருவதில்லை. ஆனால் இது இருக்கிறதிலேயே மோசமான பழுது. மணி அடித்ததும் கண் தானாக யாரைத் தேடுகிறது என்று கவனியுங்கள். உங்களைவிட இளைத்தவரையோ புதியவரையோ மட்டும் தேடினால், நீங்கள் பயிற்சி செய்யவில்லை, ஓய்வெடுக்கிறீர்கள்.

கூடத்தில் வலுவானவர் யாரும் இல்லையென்றாலும் வழி உண்டு: மோசமான நிலையிலிருந்து தொடங்குவது. எங்கள் கூடத்தில் பழுப்பு பெல்ட்காரர் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், வெள்ளை பெல்ட் பையன்களோடு எப்போதும் முதுகைக் கொடுத்துவிட்டுத்தான் ரவுண்டைத் தொடங்குவார். பையன் இரண்டு கால்களையும் கொக்கி போட்டு, கையை இவர் கழுத்தைச் சுற்றி வைத்த பிறகே, "சரி, ஆரம்பி" என்பார். போர்ச்சுகீசிய மொழியில் அந்தச் சோக்கின் பெயர் "மாட்டா லெயோன்", சிங்கத்தைக் கொல்வது. பெரும்பாலும் தப்பிவிடுவார். போன மாதம், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பையன் ஒருவன் அவரை டேப் செய்ய வைத்துவிட்டான். பையன் பயந்துபோய், "சாரி அண்ணா" என்றான். அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தார். "சாரியெல்லாம் இருக்கட்டும். அந்த இரண்டாவது கையை எங்கே ஒளித்து வைத்தாய்? இன்னொரு தடவை போடு, மெதுவாக." மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மீதி ரவுண்டு முழுக்க அந்த ஒரு கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.